ஐல் ராயல் ஓநாய்கள்

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்றொரு தீவுத் தேசியப் பூங்கா. 1958இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் அங்கே ஓநாய்களையும் அவை வேட்டையாடும் மூஸ் மான்களையும் ஆராயத் தொடங்கினார். அந்த ஆய்வு இன்னும் முடியவில்லை. குளிர்காலத்தில் சிறு விமானத்தில் பறந்து எண்ணுகிறார்கள். கோடையில் தன்னார்வலர்கள் காட்டுக்குள் நடந்து மூஸ் எலும்புகளைத் தேடி எடுத்து வருகிறார்கள். செத்த மூஸுக்கு மூட்டுவாதம் இருந்ததா என்பதுகூட அந்த எலும்பில் தெரியும்!

நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டி போட்டுப் போட்டு நலிந்துபோய், ஓநாய்கள் கடைசியில் இரண்டே மிஞ்சின. அப்புறம் 2018, 2019இல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பூங்காத் துறையும் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் இந்த நீண்ட ஆய்வுக்கு நிதி தந்திருக்கின்றன. பதினைந்து வருடம் வாழக்கூடிய விலங்கைப் பற்றி மூன்றே வருடத்தில் முடிவு கேட்கும் நிதித் திட்டங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.