கீழ்செட் நின்ற கதை

பண்ருட்டியில் குடியிருந்துகொண்டு பலாச்சுளையைக் கடிக்க முடியாமல் மூன்று கோடைகளைக் கழித்தவள் நான். சித்திரை பிறந்துவிட்டால் தெருவில் யார் வீட்டிலாவது பழம் பிளந்துகொண்டே இருப்பார்கள். என் பங்குச் சுளையை மட்டும் மிக்ஸியில் அடித்துப் பால் ஊற்றித் தம்ளரில் கொடுப்பாள் மருமகள். பாசத்தோடுதான் கொடுப்பாள். குடித்துவிட்டு "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன்.

எனக்கு 2006லிருந்து சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டேன், வாயைக் கவனிக்கவில்லை. ஈறு வீங்கும், பல் தேய்க்கும்போது ரத்தம் வரும், ஒரு பல் ஆடும், பிறகு விழும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரை இறங்க மறுக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. 31 வருஷம் தமிழாசிரியையாக வேலை பார்த்து 2018இல் ஓய்வு பெற்றபோது பாதிப் பல் இல்லை. 2021இல் மிச்சமிருந்த ஒன்பதும் ஆட்டம் கண்டுவிட்டன.

பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் இரண்டு தவணையாக எல்லாவற்றையும் பிடுங்கி, கடைசிப் பல் எடுத்த அன்றைக்கே பல்செட்டை மாட்டி அனுப்பினார்கள். மொத்தம் 16,000 ரூபாய். கண்ணாடியில் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு கரையும், முதல் சில மாதங்களில் வேகமாகக் கரையும், அதற்கேற்ப செட்டின் உள்பக்கத்தை நிரப்பித் திருத்த வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நாலு மாதத்தில் கீழ்செட் மிதக்க ஆரம்பித்தது. என் வாய்தான் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான். ஒரு வரி சொல்லி அனுப்பியிருந்தால் போதும்.

2022 மே மாதம் எங்கள் பள்ளியில் பழைய மாணவர் சந்திப்பு. என்னை வாழ்த்துப்பா பாடச் சொன்னார்கள். தகரமும் நகரமும் பிறக்க நாக்கு மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும், வகரம் பிறக்க மேற்பல் கீழுதட்டில் பொருந்த வேண்டும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்வதை எத்தனையோ வகுப்பில் நடத்தியிருக்கிறேன். மேடையில் மூன்றாவது அடியில் ஒரு வகரம் வந்தது. கீழ்செட் எழும்பி நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

அதன்பிறகு ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டு பேசினேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு தனியாக உட்கார்ந்து ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்தேன். செட்டை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைத்தேன். அதே பீரோவில் என் அம்மாவும் தன் செட்டை வைத்திருந்தாள். அவள் கடைசிவரை வெற்றிலையைச் சின்ன உரலில் இடித்துத்தான் போட்டுக்கொண்டாள். வயசானால் அப்படித்தான் என்று அப்போது நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2023 பிப்ரவரியில் என் வீட்டுக்காரர் பிடிவாதமாகப் பாண்டிச்சேரி பக்கம் இருக்கும் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப்போனார். முதுநிலை படிக்கும் ஒரு பெண்ணிடம் என்னை ஒப்படைத்தார்கள். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண் ஒரு தாளைக் கொடுத்தாள். தமிழில் 14 கேள்விகள். சொற்களை உச்சரிக்கச் சிரமப்பட்டீர்களா, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்ததா, பிறர் முன் கூச்சப்பட்டீர்களா, வீட்டாரிடம் எரிந்து விழுந்தீர்களா, வாழ்க்கையில் நிறைவு குறைந்ததா. ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'மிக அடிக்கடி' என்றால் 4. அதிகபட்சம் 56. ஆஸ்திரேலியாவில் முதலில் 49 கேள்விகளாக உருவாக்கி, 1997இல் 14ஆகச் சுருக்கிய பட்டியலாம், இப்போது உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள் என்றாள்.

வாழ்நாள் முழுக்க நான் கேள்வித்தாள் கொடுத்தவள். எனக்கு ஒருவர் கொடுத்து, அதில் என் ஒன்றரை வருஷத்தை வரிசையாக எழுதி வைத்திருந்ததைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதெல்லாம் வியாதியில் சேர்த்தி, இதற்கும் மருத்துவம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட்டிப் பார்த்தால் 41.

பிறகு அளவு எடுக்கும் வேலை. இதற்கு ஐந்து முறை போனோம். பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. முதல் நாள் மாவு மாதிரி ஒன்றைத் தட்டில் வைத்து அழுத்தி ஓர் அச்சு. அதை வைத்து என் தாடைக்கென்றே ஒரு தட்டு செய்து வைத்திருந்தாள். அடுத்த முறை, பச்சை நிற மெழுகுக் குச்சி ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் காட்டி உருக்கி, வெந்நீரில் தொட்டு எடுத்து, தட்டின் விளிம்பில் துண்டு துண்டாக ஒட்டினாள். ஒவ்வொரு துண்டுக்கும் எனக்கு ஒரு வேலை. "உதட்டைக் குவிங்க டீச்சர். சிரிங்க. நாக்கை வெளிய நீட்டுங்க. எச்சில் முழுங்குங்க." கன்னமும் நாக்கும் அசையும்போது விளிம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த மெழுகு அப்படியே பதிந்துகொள்கிறது. கடைசியில் கிராம்புத் தைல வாசனையோடு ஒரு பசை. முழுதாக ஒன்றரை மணி நேரம் ஆனது. முந்தைய கிளினிக்கில் அளவு எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பல்லை மெழுகில் பொருத்திக் காட்டிய நாளை மறக்க முடியாது. என் கல்யாணப் படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அதில் என் முன்பல் இரண்டுக்கும் நடுவே நூல் போலச் சின்ன இடைவெளி இருக்கும். "இது வேணுமா டீச்சர், மூடிடலாமா?" என்றாள். வேணும் என்றேன். சூடு காட்டிய சின்னக் கத்தி ஒன்றால் மெழுகை இளக்கி இரண்டு பல்லையும் ஒரு மயிரிழை விலக்கினாள். நிறமும் பளீர் வெள்ளை வேண்டாம், கொஞ்சம் மஞ்சள் ஓடியதாகவே எடுப்போம் என்று சொன்னாள். கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். அதில் நான் இருந்தேன். செட் செய்துகொள்கிறவர்களுக்குச் சொல்கிறேன், இந்தக் கட்டத்தில் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். மெழுகாக இருக்கும்வரை எதையும் மாற்றலாம். அக்ரிலிக் பிளாஸ்டிக்காக இறுகிவிட்டால் முடியாது.

ஏப்ரலில் செட் கைக்கு வந்தது. 3,500 ரூபாய். முதல் வாரம் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. மேல்செட் அண்ணத்தை மூடுவதால் காபியின் சூடு தெரியாமல் தொண்டை சுட்டது. ழகரம் ஒலிக்கவில்லை, முன்பக்கத் தடிப்பைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தபிறகு வந்தது. தினமும் காலையில் அரை மணி நேரம் என் வீட்டுக்காரருக்குப் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கீழ் ஈறில் புண் வந்தபோது அவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை தடுத்துவிட்டேன். எந்த இடம் அழுத்துகிறது என்று பார்த்து, குறி வைத்து, அங்கே மட்டும் கடுகளவு எடுக்க வேண்டிய வேலை அது.

ஒரு மாதம் கழித்துப் போனபோது "நல்லா இருக்கு டாக்டர்" என்றேன். மரியாதைக்குச் சொன்னதுதான். இவ்வளவு பாடுபட்ட பிள்ளையிடம் குறை சொல்ல மனசு வரவில்லை. அவள் விடவில்லை.

"நேத்து மதியம் என்ன சாப்பிட்டீங்க டீச்சர்?"

"தயிர் சாதம்."

"தொட்டுக்க?"

நான் பதில் சொல்லவில்லை.

அந்தத் தாளை மறுபடி எடுத்து வைத்தாள். 24 வந்தது. பாதிக்குப் பக்கம் குறைந்திருந்தது, ஆனால் சாப்பாட்டுக் கேள்விகளில் ஒன்றுகூட நகரவில்லை.

அவளுடைய பேராசிரியர் வந்து படம் போட்டு விளக்கினார். மேல்செட் அண்ணம் முழுக்கப் பரவி ஒட்டிக்கொள்கிறது. கீழ்செட்டுக்கு அந்த இடம் இல்லை, குதிரை லாடம் மாதிரி இருக்கிறது, நடுவில் நாக்கு ஓயாமல் தள்ளுகிறது. போதாததற்குக் கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிடச் சுமார் நாலு மடங்கு அதிகமாகக் கரைகிறதாம். 2002இல் கனடாவின் மாண்ட்ரியலில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் தர வேண்டியது தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட், அதாவது பல்வேருக்குப் பதிலாகத் திருகு வைத்து, அதன்மேல் மாட்டும் செட்தான் என்று அறிக்கையே வெளியிட்டிருக்கிறார்கள். குறை என் வாயிலும் இல்லை, அந்தப் பெண்ணின் வேலையிலும் இல்லை என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது.

கல்லூரியில் இரண்டு இம்ப்ளான்டுக்கு 40,000 ரூபாய் சொன்னார்கள். சின்னப் பணம் இல்லை. என் ஓய்வூதியத்தில் சேர்த்துக் கட்டினேன். ஆனால் முதலில் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 9.1 இருந்தது. அதைக் குறைக்காமல் கைவைக்க மாட்டேன் என்றுவிட்டார் பேராசிரியர். நடை, கேழ்வரகு, நேரத்துக்கு மாத்திரை. 7.2க்கு வந்தபிறகு ஆகஸ்டில் வைத்தார்கள். மரத்துப்போகும் ஊசிதான், மயக்கம் இல்லை. வலி தெரியவில்லை, எலும்பில் துளையிடும் அதிர்வு மட்டும் காதுவரை வந்தது. அந்தப் பெண் என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டே நின்றாள். திருகு டைட்டானியம். எலும்பு அதை அந்நியமாக ஒதுக்காமல் பற்றிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க், முதல் நோயாளிக்கு வைத்தது 1965இல் என்று அவள் சொல்லித்தான் தெரியும். பற்றிக்கொள்ள மூன்று மாதத்துக்குமேல் காத்திருந்தோம்.

டிசம்பரில் அதே கீழ்செட்டின் அடியில் இரண்டு சின்னக் கிண்ணங்களைப் பதித்து, இம்ப்ளான்டின் தலையில் மாட்டினார்கள். 'டிக்' என்று ஒரு சத்தம். நாக்கால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. பையில் தயாராக வைத்திருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தாள் அந்தப் பெண். கொஞ்சம் ஒடித்து இரண்டு கடைவாயிலும் வைத்து மென்றேன். நொறுங்கும் சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அவளும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தத் தாளில் வந்த எண் 7.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது பொய். தக்காளி விதையும் எள்ளும் செட்டுக்கடியில் போய்விடும். எங்கே சாப்பிட்டாலும் எழுந்துபோய்க் கழுவ வேண்டியிருக்கிறது. கரும்பைக் கடிப்பதில்லை. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கிறேன். வெந்நீர் ஆகாது, செட் கோணிவிடும். வாஷ்பேசினில் கொஞ்சம் தண்ணீர் தேக்கிக்கொண்டுதான் கழுவுகிறேன், கை தவறினாலும் உடையாது. கழற்றிய முகத்தை என் வீட்டுக்காரர் பார்க்கக்கூடாது என்று ஆரம்பத்தில் விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவேன். அவர் ஒருநாள் தானே போய்க் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தத் தயக்கமும் இல்லை.

2024 கோடையில் மருமகள் வழக்கம்போல மிக்ஸி ஜாரை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் எல்லாரோடும் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நானே சுளை எடுத்தேன். கத்தியால் சின்னச் சின்னதாக நறுக்கி, கொட்டையைத் தள்ளிவிட்டு, எட்டுச் சுளை. சர்க்கரைக்காரி எட்டு சாப்பிட்டிருக்கக் கூடாது. அன்றைக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

செட்டின் அடியில் பதித்த கிண்ணத்துக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்துவிடும், வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். போன மாதம் அதற்காகப் போயிருந்தேன். என் டாக்டர் படிப்பு முடித்துப் போய்விட்டாள், வேறொரு பையன் இருந்தான். பெஞ்சில் என் பக்கத்தில் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மா, கைக்குட்டையில் செட்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புண்ணாம், போடவே முடியவில்லையாம், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வந்தாராம்.

"கழட்டிட்டு உள்ள போனா புண்ணு எந்த இடம்னு அவங்களுக்குத் தெரியாதுங்க" என்றேன். "வலிச்சாலும் பரவால்ல, ஒரு மணி நேரம் போட்டுக்கிட்டுப் போங்க. எது சாப்பிட முடியலைன்னு பேர் பேரா சொல்லுங்க. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் என் வாயையே பார்த்தார். நான் முந்தானையை எடுக்காமல் சிரித்தேன். "இது செட்டா?" என்றார். ஆமாம் என்றதும், கைக்குட்டையைப் பிரித்தார்.