தக்காளி பெட்டியோட அடியில

2023 ஜூலை ஞாபகம் இருக்கா, தக்காளி கிலோ நூறைத் தாண்டி ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு குடுத்தாங்களே, அந்த க்யூலதான் எங்க கதை ஆரம்பிச்சுது. முன்னாடி நின்ன எதிர்வீட்டு அக்கா, "ஒரு கிலோ தக்காளிக்கு ஒரு மணி நேரமா நிக்கிறோம், பத்து பேரா சேர்ந்தா ஆட்டோ புட்ச்சி கோயம்பேட்டுக்கே போய் பெட்டியோட வாங்கினு வந்துடலாம்"னு சொன்னாங்க. பேச்சுக்கு சொன்னதுதான். விலை இறங்கினப்புறம் நெஜமாவே போனோம். இப்ப பழைய வண்ணாரப்பேட்டைல எங்க தெருவுல 11 வீடு சேர்ந்து வாங்கறோம்.

எங்க ஆயாவுக்கு இதெல்லாம் காமெடி. அவங்க காலத்துல இங்கேந்து கொத்தவால்சாவடிக்கு கூடையை எடுத்துகினு நடந்தே போய்ட்டு வருவாங்களாம், 1996ல மார்க்கெட்ட கோயம்பேட்டுக்கு மாத்தினதுலேந்து "நம்ம வவுத்துல அட்ச்சிட்டானுங்க"ன்னு இன்னி வரைக்கும் பொலம்பல். சேர்ந்து வாங்கறதும் புதுசு இல்லையே, திருவல்லிக்கேணில டி.யூ.சி.எஸ். கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சது 1904ல. நாங்க சங்கமெல்லாம் இல்ல, ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் ஒரு நாப்பது பக்க நோட்டும்தான்.

சனிக்கிழமை நைட்டு எட்டு மணிக்குள்ள ஆர்டர் போடணும், பணமும் அப்பவே ஜிபே பண்ணிடணும், ரெண்டு பேர் ரவுண்டு வெச்சு விடியக்காலம் லோடு ஆட்டோல போய்ட்டு வருவோம். போன வாரம் காய்க்கு 2,640, ஆட்டோ 500, மூட்டை தூக்கற கூலி 80, ஆக மொத்தம் 3,220. அதே காய், அதே எடைக்கு தெருமுனை கடையில விலை கேட்டு கணக்கு போட்டா 4,700 வந்துது. வீட்டுக்கு சராசரியா 135 ரூபா மிச்சம், மாசத்துக்கு ஐநூத்தி சொச்சம்.

ஆனா முதல் ரெண்டு மாசம் ஒரு ரூபா கூட மிச்சமாகல, அத யாரும் சொல்ல மாட்டாங்க. மலிவா இருக்கேன்னு ஆளாளுக்கு ரெண்டு கிலோ கத்திரிக்கா சொல்லிடுவோம், புதன்கிழமை பாத்தா பாதி சுருங்கி பூச்சி வெச்சு குப்பைக்கு போகும். அப்புறம் அந்த தக்காளி பெட்டி. 14 கிலோ பெட்டி, மேல ரெண்டு அடுக்கு பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும், கைய விட்டு அடியில தடவினா விரல் உள்ள போயிடும், தண்ணி ஒழுகி பேப்பர் எல்லாம் ஊறிக் கெடக்கும். முதல்ல வந்தவங்க நல்லதா பொறுக்கிட்டு போயிட, கடைசியா வந்த வீட்டுக்கு கூழ்தான், அதுல ரெண்டு வீட்டுக்கு நடுவுல பேச்சுவார்த்தையே நின்னு போச்சு (இப்ப பேசறாங்க, ஆனா தக்காளி பத்தி மட்டும் பேசறதில்ல).

இப்ப பெட்டி வந்தவுடனே மாடிப்படிக்கு கீழ சாக்க விரிச்சு மொத்தத்தையும் கொட்டிடறோம். செங்காய் ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம், நசுங்கினது ஒரு பக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் செங்காயும் பழமும் பாதி பாதி, அப்பதான் வாரம் முழுக்க வரும். நசுங்கினது தெருக்கோடி இட்லி கடை அக்காவுக்கு பாதி விலைக்கு, அவங்களுக்கு அன்னிக்கே காரச்சட்னிக்கு ஆகிடும். அழுகல் எவ்ளோன்னு எடை போட்டு அந்த நஷ்டத்த 11 வீடும் பிரிச்சுக்கறோம், பெரும்பாலும் தலைக்கு மூணு நாலு ரூபாதான் வரும், இதுக்கா சண்ட போட்டோம்னு இருக்கும்.

கீரை, கொத்தமல்லி, புதினா இதுல சேக்கறதே இல்ல. கோயம்பேட்டுலேந்து வரதுக்குள்ள வாடிடும், பிரிச்சு குடுக்கறதுக்குள்ள செத்துடும். அதெல்லாம் தள்ளுவண்டி அம்மாகிட்டதான். அவங்க ஆரம்பத்துல எங்க மேல செம்ம கடுப்புல இருந்தாங்க, நியாயம்தானே, 11 வீடு கஸ்டமர் போச்சுன்னா யாருக்குதான் கடுப்பாகாது. இப்ப பச்சமொளகா இஞ்சி கூட அவங்ககிட்டயே வாங்கறோம், கறிவேப்பில சும்மாவே குடுக்கறாங்க, அத கோயம்பேட்டுல எவன் குடுப்பான்.

வெங்காயத்துலயும் ஒரு தடவ நல்லா பட்டோம். போன கார்த்திகை மழைல ரேட்டு கம்மியா இருக்குன்னு 50 கிலோ மூட்டைய அப்படியே தூக்கிட்டு வந்து பிரிச்சுட்டோம், எங்க வீடுங்கள்லாம் மழைக்காலத்துல செவுரே வேர்க்கும், நாலு நாள்ல ஒவ்வொரு வீட்டுலயும் அந்த நாத்தம். எங்க வீட்டுல கட்டிலுக்கு மேல பேப்பர் விரிச்சு வெங்காயத்த பரப்பி ஃபேன் போட்டுட்டு நாங்க தரையில படுத்தோம். அதுலேந்து ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் 25 கிலோவுக்கு மேல வாங்கறதில்லன்னு நோட்டோட முதல் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கோம்.