தாத்தாவின் காசு மரம்

மார்ச் 2, 2024, சனி

மலேசியாவில் பட்டர்வொர்த் வீட்டைக் காலி செய்தபோது சாமி மேடைக்குக் கீழே கிடந்த மைலோ டின் என் பங்குக்கு வந்தது. பங்கு என்ன பங்கு, வேறு யாரும் கேட்கவில்லை. உள்ளே பழைய துணியில் சுற்றிய ஒரு பித்தளைச் சாமான். நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் ஐந்தைந்தாக, சதுர ஓட்டை போட்ட பத்துச் சீனக் காசுகள், முருங்கை இணுக்கில் இலை ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரி. கூடவே தனியாக ஒரு கறுத்த காசு. தாத்தா பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், யாரோ ஒரு சீன முதலாளி கொடுத்தது என்று பாட்டி சொல்வார். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமமும் வைப்பார்.

சித்தப்பாவுக்குப் படம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன். இதே மாதிரி ஒன்று 50,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) போனதாக ஏதோ வீடியோவில் பார்த்தாராம். இப்போது எல்லாருக்கும் பங்கு வேண்டும்.

மார்ச் 3, ஞாயிறு

ராத்திரி இரண்டு மணி வரை இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயந்திரம் வரும்வரை சீனாவில் காசை அச்சடிக்கவில்லை, 2,000 வருஷத்துக்கு மேலாக வார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். மரச்சட்டத்தில் நைஸான மண்ணை அடைத்து, மாதிரிக்கென்று செய்த ‘தாய்க்காசு’களை அதில் வரிசையாக அழுத்தி, மேலே இன்னொரு சட்டத்தை வைத்துப் பதிவு எடுத்து, காசுகளை நீக்கிவிட்டு, நடுவே விட்ட வாய்க்காலில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் கிளையும் காசுமாக வெளியே வருவதுதான் காசு மரம். 1637இல் சோங் யிங்சிங் என்ற சீன அறிஞர் எழுதிய தொழில் நூலில் இதைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார். அப்புறம் காசுகளை ஒடித்து, சதுரக் கம்பியில் கோத்து, மொத்தமாக விளிம்பை அரத்தால் ராவுவது. ஓட்டை சதுரமாக இருப்பதால் ராவும்போது காசு சுழலாது. மிச்சத் தண்டு திரும்ப உலைக்கே போய்விடும், அதனால் ஒடிக்காத மரம் கிடைப்பது அபூர்வம்.

இதைப் படித்த பிறகு எனக்கும் தூக்கம் போய்விட்டது.

மார்ச் 5, செவ்வாய்

ஜார்ஜ்டவுனில் ஒரு பழஞ்சாமான் கடை. லென்ஸ்கூட எடுக்காமல் “சிங் காலத்துச் சாமான், 200 வெள்ளி” என்றார். சிங் என்பது சீனாவின் கடைசி அரச வம்சம். ஏன் இவ்வளவு குறைவு என்றால், தேய்த்துத் தேய்த்துப் பழைய களிம்பு முழுவதும் போய்விட்டதாம். பாட்டியைக் குறை சொன்னதும் கோபம் வந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 9, சனி

பக்கத்து வீட்டு சீன அங்கிள் வந்தார். ஒவ்வொரு காசாக விரல் வைத்து வாசித்தார்: சுன்ச்சி, காங்ஷி, யோங்செங், சியென்லோங், சியாச்சிங், மறுபடியும் சுன்ச்சி... பாதியிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. சுன்ச்சியின் ஆட்சிப்பெயர் 1644இல் தொடங்கியது, சியாச்சிங்கின் ஆட்சி முடிந்தது 1820இல். ஐந்து அரசர்களின் காசை ஒரே அச்சில் எந்த நாணயச்சாலை வார்க்கும்? எழுத்து தெரியாத நானே கண்டுபிடித்திருக்கலாம். ஓட்டைக்கு வலமும் இடமும் உள்ள எழுத்து பத்திலும் ஒன்றுதான், மேலும் கீழும் உள்ளதுதான் மாறுகிறது. அதுதான் அரசரின் ஆட்சிப்பெயர். ஒரு வாரமாகக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கவே இல்லை. விளிம்புகூட, ஒடிப்பதற்கு முன்பே ராவிவிட்ட மாதிரி வழவழவென்று இருக்கிறது.

ஐந்து பேரரசர் காசு வீட்டில் இருந்தால் ராசி என்பார்கள், கடையில் மாட்டுகிற அலங்காரச் சாமான் இது, என்றார் அங்கிள். இப்போது புதிதாக வாங்கினாலும் 30 வெள்ளிதானாம்.

அந்தக் கறுத்த காசுதான் நிஜம். சியென்லோங் (1736–1795), முதுகில் பீக்கிங் நிதி வாரிய நாணயச்சாலையின் பெயர், சிங் அரசர்களின் தாய்மொழியான மஞ்சு எழுத்தில். நகைக்கடைத் தராசில் 4.1 கிராம். விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அரம் போன கோடுகள் மெலிதாகத் தெரிகின்றன. பாட்டி இதைத் தேய்த்ததே இல்லை. கோடிக்கணக்கில் வார்த்த வகை என்பதால் விலை ஐந்தோ பத்தோ வெள்ளி, அவ்வளவுதான்.

மார்ச் 10, ஞாயிறு

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டேன். சித்தப்பா பார்த்துவிட்டார், பதில் இல்லை. சித்தி மட்டும் கேட்டார்: “அப்போ இனிமே புளி போட்டுத் தேய்க்கலாம்தானே?”