ஸ்டோரின் கடைசி ரோலர்

நேற்று இலங்கை மலையகத்தில் டிக்கோயா பக்கம், மூடிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பழைய இரும்பு ஏற்றினோம். தகரம், பைப், பல்சக்கரம் எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. கொழுந்து உருட்டும் ரோலர்தான் உயிரை வாங்கிவிட்டது.

வார்ப்பிரும்பு வளையாது. சம்மட்டியால் சரியான இடம் பார்த்து அடித்தால் அப்படியே உடையும். உருக்குத் தண்டுக்குத்தான் கேஸ் கட்டர் வேண்டும். ரோலரின் மேசையில் பதித்திருந்த பித்தளைச் சட்டங்களை முதலிலேயே கழற்றி, காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து, தனி மூட்டையாகக் கட்டினோம். இரும்பை விடப் பித்தளைக்குப் பல மடங்கு விலை.

உண்மையில் எனக்கு அதை உடைக்கவே மனமில்லை. 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைத் தொழில் இது. இந்த மெஷின்களை ஓட்டியது நம் மலையக ஆட்கள். கண்டி ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய மெஷின்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இதையும் எங்காவது அப்படி வைத்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

மத்தியானம் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு அம்மாயி எங்களுக்குச் சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) கொண்டுவந்தார். ரோலரைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எங்க வீட்டுக்காரரு இதுலதான் தம்பி கடைசி வரைக்கும் வேலை செஞ்சாரு. ராத்திரி சத்தம் நின்னா எனக்கு முழிப்பு வந்துரும்."

ரோலரில் கையளவு பித்தளை எண்ணெய்க் கிண்ணம் ஒன்று இருந்தது. முதலாளியிடம் கேட்டேன், சரி என்றார். துடைத்து அம்மாயி கையில் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அப்புறம் பாரத்தோடு சின்ன கியரிலேயே மெதுவாக ஹட்டனுக்குப் போனோம். வழியில் யாரும் பேசவில்லை.