செங்குத்துச் சரிவில் பாதை வெட்டு: வேலை நாட்குறிப்பு

மார்ச் 4

வண்டியை ஏற்றுவதற்கு முன் சரிவை அளந்தாயிற்று. மேல்பாதியில் 31 டிகிரி, அதாவது நூற்றுக்கு 60 (கிடையாக 100 மீட்டருக்கு 60 மீட்டர் ஏற்றம்). கீழே ஓடைப்பக்கம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. 20 டன் பொக்லைனின் விவரத்தாளில் ஏறும் திறன் பெரும்பாலும் 35 டிகிரி என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு 35 டிகிரிச் சரிவிலும் நின்று தோண்டலாம் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. செயின் (வண்டி உருளும் இரும்புப் பட்டை) தரையைப் பிடித்து ஏறுவதற்குத்தான் அந்த எண். நிறைந்த பக்கெட்டோடு திரும்புவதற்கு அது பொருந்தாது. ஈர மண் ஒரு கன மீட்டர் 1.8 டன் வரை இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஆர்மை (பக்கெட் மாட்டிய முன்கை) முழுசாக நீட்டிப் பள்ளப்பக்கம் திருப்பினால், மொத்த எடையும் கீழ்ச்செயினில் போய் உட்காரும். அந்தச் செயினுக்கு அடியில் கொஞ்சம் மண் நெகிழ்ந்தால் போதும், வண்டி சாய்ந்துவிடும். ஆகவே முதலில் சமதளம், பிறகுதான் தோண்டுவது.

பாதைக் கோட்டுக்கு மேலே நடந்து பார்த்ததில், சரிவுக்குக் குறுக்காகப் பிறை வடிவில் ஒரு பழைய வெடிப்பு இருக்கிறது. அதையொட்டி அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள். மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் மரம் இப்படித்தான் வளரும். வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்து, தலைக்குத் தலை அளந்தது: 612 மி.மீ.

மார்ச் 5

ஏற்றம். பூம் (வண்டி உடலோடு சேர்ந்த பெரிய கை) மேட்டுப்பக்கம், ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) பின்னால், பக்கெட் தரையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. உயரத்தில். வழுக்கினால் உடனே பக்கெட்டைத் தரையில் ஊன்றி நிறுத்த அந்த உயரம்தான் சரி. ஏறும்போது நேர்கோடு, சரிவில் குறுக்கே திருப்பக் கூடாது. திருப்பினால் கீழ்ச்செயின் ஐட்லரை (செயினின் மறுமுனைச் சக்கரம்) விட்டுக் கழலும், அந்த இடத்தில் அதை மாட்டுவது அரை நாள் வேலை.

நனைந்த புல்லும் இலைச்சருகும் தெரிந்த எதிரிகள். தட்டையான பாறை அப்படித் தெரியாது. இரும்புச் செயினுக்கு அதில் பிடிப்பே கிடையாது. மேலே ஒரு பக்கெட் மண்ணைப் பரப்பிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

மார்ச் 7

இன்று வெட்டுத் தொடங்கியது. பாதை அகலம் 4 மீட்டர், மேல்வெட்டுச் சுவர் 4 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர் சாய்வு. நூற்றுக்கு 60 சரிவில் 4 மீட்டரையும் மலைக்குள்ளேயே வெட்டினால் சுவர் 2.8 மீட்டர் உயரம் வரும். வெளிவிளிம்பு முளையிலிருந்து சரிவின் மேலாக நாடா பிடித்தால் 5.5 மீட்டரில் மேல்கோடு விழும். அங்கே முளை அடிக்காமல் தொடங்கினால், பாதி வெட்டிய பிறகு சுவர் நிமிர்ந்துபோய் மறுபடி மேலே ஏறிச் சீவ வேண்டியிருக்கும். வண்டி அப்போது கீழே போய்விட்டிருக்கும், கை எட்டாது.

ஒரு மீட்டர் நீளத்துக்கு மண் 5.65 கன மீட்டர். அதுவே 45 டிகிரிச் சரிவென்றால் சுவர் 5.3 மீட்டர், மண் 10.7 கன மீட்டர், ஏறத்தாழ இரட்டிப்பு. "சுவரை நன்றாகச் சாய்த்துவிட்டால் பாதுகாப்பு" என்று பலரும் சொல்வார்கள். 45 டிகிரிச் சரிவில் சுவரை 4-க்கு 3 என்று சாய்த்துப் பாருங்கள்: சுவர் 16 மீட்டர் உயரம், மீட்டருக்கு 32 கன மீட்டர் மண்! மலையின் சாய்வும் சுவரின் சாய்வும் நெருங்க நெருங்க வெட்டு மேலே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் சுவரைச் சாய்ப்பது வழியல்ல. பாதையின் அகலத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கோட்டையே மாற்ற வேண்டும்.

வெட்டிய மண்ணைக் கீழே தள்ளிப் பாதி அகலத்தை அதிலேயே நிரப்பிக்கொள்வது நூற்றுக்கு 60-க்கு மேல் ஆகாது. அவ்வளவு செங்குத்தில் கொட்டிய மண் ஒரு மெல்லிய தோல்போலத்தான் ஒட்டும். அடியில் புதைந்த புல்லும் வேரும் மக்கும். முதல் நல்ல மழையில் தண்ணீர் குடித்து, பாதையின் வெளிப்பாதியோடு இறங்கும். பார்வைக்கு அது கெட்டித் தரைபோலவே இருப்பதுதான் ஆபத்து. அதனால் மண் முழுவதும் டிப்பரில் ஏறுகிறது. வெட்டிய மண் கால் பங்கு உப்பும்: மீட்டருக்கு 7 கன மீட்டர். 10 கன மீட்டர் டிப்பருக்கு, 10 மீட்டர் பாதை என்றால் 7 நடை.

இன்னொன்று, வண்டியின் பின்பாரம், அதாவது முன்கையைச் சமன்செய்யப் பின்னால் வைத்த எடை. செயின் வெளியகலம் 2.8 மீட்டர். வெளிவிளிம்பிலிருந்து 1.2 மீட்டர் விட்டு நிற்கும்போது வண்டியின் நடுவிலிருந்து சுவர் 1.4 மீட்டர்தான். பின்பாரம் சுற்றவோ 2.75 மீட்டர் வேண்டும். பூமைப் பள்ளப்பக்கம் திருப்பினால் பின்பாரம் சுவரில் இடிக்கும். ஆகவே டிப்பருக்குப் போகும் சுற்று எப்போதும் மலைப்பக்கமாக, பக்கெட் சுவருக்கு மேலே தூக்கியபடி. பாரம் மலைப்பக்கமே இருப்பதால் வெளிவிளிம்புக்கும் அது நல்லது.

மார்ச் 8

இரவு முழுக்க மழை. வேலை இல்லை. முளை அளவு 615. மூன்று மில்லிமீட்டர் சின்னதுதான், ஆனாலும் நகர்ந்திருக்கிறது. வெடிப்புக்குக் கீழே இன்று வண்டியும் ஆளும் போகத் தடை.

மார்ச் 9

வெடிப்புக்கு மேலே ஆட்களை வைத்து மண்வெட்டியால் ஒரு தடுப்பு வாய்க்கால். மேலிருந்து வரும் தண்ணீரை வெடிப்புக்குள் விடாமல் பக்கத்து இயற்கை ஓடைக்குத் திருப்புகிறது. வெடிப்பின் வாயைக் களிமண்ணால் அடைத்து மிதித்தாயிற்று. வாய்க்கால் முடியும் இடத்தில் கல் பரப்பவில்லை என்றால் அங்கே புதிதாக ஒரு பள்ளம் அறுக்கும்.

மார்ச் 11

பாறை வந்துவிட்டது. பக்கெட்டைக் கழற்றிப் பிரேக்கர் (உளியால் பாறையை அடித்துப் பிளக்கும் கருவி) மாட்டியாயிற்று. உளி பாறை முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் புஷ் (உளியைத் தாங்கும் உறை) தேயும், உளி முறியும். ஒரே இடத்தில் 15, 20 விநாடிக்கு மேல் அடித்தும் பிளக்கவில்லை என்றால் இடத்தை மாற்றுவது. தொடர்ந்து அடித்தால் தூள் பறக்கும், உளி முனை சூடேறி மழுங்கும். நடுவில் அடிப்பதைவிடத் திறந்த விளிம்பிலிருந்து 30 செ.மீ. உள்ளே தொடங்கினால் பாறைக்கு விலக இடம் கிடைக்கும்.

கிரீஸ் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, உளியைத் தரையில் அழுத்தி உள்ளே தள்ளிய நிலையில். தொங்கவிட்டபடி கிரீஸ் அடித்தால் அது பிஸ்டனுக்கும் உளிக்கும் நடுவில் நிறைந்து, அடுத்த அடியில் சீல் போகும்.

சரிவு வேலையில் ஒரு தனி எச்சரிக்கை. பிரேக்கரை அழுத்தும்போது செயினின் முன்பக்கம் தூக்கும். பாறை சட்டென்று பிளந்தால் வண்டி 'டப்' என்று முன்னால் விழும். விளிம்புக்கு அருகில் நின்றால், விளிம்பு இடிய அந்தக் குலுக்கலே போதும். செயின் விளிம்புக்கு நேர்குத்தாக, பின்வாங்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

மார்ச் 12

பாறை அடுக்குகள் பாதைப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அடியை அறுத்ததும் மேலே உள்ள பலகை முழுதாக வழுக்கும் அமைப்பு. இரண்டு அடுக்குக்கு நடுவில் விரல் தடிமனுக்குக் களிமண், தொட்டால் சோப்புபோல. இதை விட்டுவைத்துக் கீழே வேலை செய்வதில்லை. மேலிருந்து ஒவ்வொரு பலகையாக இறக்கிவிட்டு, அடுக்கின் சாய்வே சுவரின் சாய்வாகும்படி விட்டாயிற்று. அடுக்கு மலைக்குள் சாய்ந்திருந்தால் சுவர் ஏறக்குறைய நேராகவே நின்றிருக்கும்.

மார்ச் 14

டீசல் மணிக்கு 15 லிட்டர் என்றால் 8 மணி நேரத்துக்கு 120 லிட்டர். 200 லிட்டர் பேரல் இரண்டு நாள்கூட வராது. மேலே வந்த பேரலை ஒரு நாள் அசையாமல் வைத்து, பம்புக் குழாயை அடியிலிருந்து 10 செ.மீ. மேலே நிறுத்தி எடுக்கிறோம். அடியில் தங்கும் தண்ணீரும் துருவும் வராது. டேங்கை மாலையிலேயே நிரப்பிவிடுவது. காலி டேங்கில் இரவுக் குளிருக்கு நீர் பூக்கும்.

ஆர்ம் ஹோஸில் (ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்) ஈரம். கசிவைக் கையால் தேடக் கூடாது. 350 பார் அழுத்தத்தில் ஊசித்துளை எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அட்டையை நீட்டிப் பார்ப்பதே வழி. கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி வைத்து லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து, ஹைட்ராலிக் எண்ணெய் டேங்க் மூடியின் காற்றையும் வெளியே விட வேண்டும்.

மார்ச் 18

பாதை மேற்பரப்பை வெளிப்பக்கம் நூற்றுக்கு 4 சாய்வாக வாட்டம் கொடுத்தது: 4 மீட்டருக்கு 16 செ.மீ. டிப்பர் சக்கரத் தடங்களை முதலில் அழிக்காவிட்டால் தண்ணீர் சாய்வைப் பார்க்காது, தடத்தைத்தான் பார்க்கும். வெளிவிளிம்பில் ஓட்டுநர் குவித்து வைத்த மண்வரப்பையும் எடுத்தாயிற்று. அது தண்ணீரைத் தேக்கி ஒரே இடத்தில் உடைக்கும்.

நேற்றிரவு 8-ஆம் தேதியைவிடப் பலத்த மழை. தடுப்பு வாய்க்கால் கலங்கலாக ஓடியது, ஓடையில் சேர்ந்தது. முளை அளவு காலையில் 615, மாலையில் 615.