ஏணி திரும்பாத வாசல்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சொந்த நிலத்தில் வீடு கட்ட முடிவானபோது நாங்கள் 11 பேர். பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் வீட்டில் நாலு, என் வீட்டில் நாலு. பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் அஞ்சடி என்கிற வராந்தா. அதற்குள்தான் ஏழு பிள்ளைகளை வளர்த்தார்.

எனக்கும் அண்ணனுக்கும் இருந்த கணக்கு ஆறு அறை, அஞ்சு குளியலறை, மாடியில் தனி ஹால். 3,600 சதுர அடி வந்தது. பிளான் வரைபவர் பார்த்துவிட்டு, "300 சதுர மீட்டரைத் தாண்டினா நான் கையெழுத்துப் போட முடியாதுங்க, ஆர்க்கிடெக்ட்கிட்டதான் போகணும்" என்றார். 300 என்றால் ஏறக்குறைய 3,230 சதுர அடி. எதை வெட்டுவது என்று மூன்று வாரம் சண்டை. வெளி அடுப்படியை எடுத்துவிடலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "இறால் பெலாச்சான் வறுத்தா உங்க பிள்ளைங்க யூனிஃபார்ம்ல வாடை வரும், பரவாயில்லையா தம்பி?" என்றார் அண்ணி. அதோடு சரி.

அறைகளைச் சுருக்கவும் வரம்பு உண்டு. கட்டட விதிப்படி முதல் அறை 11 சதுர மீட்டர், அடுத்தது 9.3, மற்றவை 6.5க்குக் குறையக்கூடாது. 6.5 என்பது 70 சதுர அடி. கட்டில் போட்டால் அலமாரிக் கதவு திறக்காது.

கடைசியில் அப்பாதான் நிலத்திலேயே சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைலான் கயிறு கட்டி, கீழ்த்தளம் முழுவதையும் நிஜ அளவில் போட்டோம். பாட்டி கோட்டை மிதிக்காமல் வாசல் வழியாகவே உள்ளே வந்தார். அவர் அறையிலிருந்து கழிவறைக்கு 19 தப்படி. "ராத்திரியில இவ்ளோ தூரமா?" பிறகு ஹால் நடுவில் நின்று கேட்டார், "ஏன்யா, என்னையக் கிடத்துறது எங்க?"

யாரும் வாய் திறக்கவில்லை. அவரே கையை நீட்டிக் காட்டினார். இங்கே பெட்டி, தலைமாட்டில் விளக்கு, சுற்றிப் பெண்கள் உட்கார இடம். அப்புறம் வாசலைப் பார்த்தார். நுழைந்ததும் ஒரு மறைப்புச் சுவர், செருப்பு அலமாரி, அதைச் சுற்றித் திரும்பினால் ஹால். நான் ஆசைப்பட்டு வைத்தது. "பெட்டி இதுல திரும்புமா?"

அண்ணன் ஆறடி ஏணியைக் கொண்டுவந்தார். முன்னே அவர், பின்னே நான். எப்படித் திருப்பினாலும் ஒரு முனை சுவர்க்கோட்டைத் தாண்டியது. சுவரைக் காலாலேயே அழித்துவிட்டார் அப்பா.

இப்போது 3,080 சதுர அடி. மாடி ஹாலும் இரண்டு குளியலறையும் போயின. பள்ளி நாளில் காலை ஆறு மணிக்கு என்ன ரகளை நடக்கப்போகிறதோ! பாட்டி அறைக்கு ஒட்டியே கழிவறை. முன்னால் 8 அடி அகலத்தில் அஞ்சடி. பிளான் நகராண்மைக் கழகத்துக்குப் போயிருக்கிறது. அஞ்சடியில் திண்ணை வைக்கவில்லை என்று பாட்டிக்கு இன்னும் குறைதான்.