கிளாத்திக்கு ஒரு பொந்து

தூத்துக்குடி தெரேஸ்புரம் கரையில் அப்பா வலையிலிருந்து மீன் பிரிக்கும்போது இரண்டு மீன்களுக்கு மட்டும் எங்களைக் கிட்டே விடமாட்டார். ஒன்று கெளிறு, முள்ளுக்காக. இன்னொன்று கிளாத்தி, பல்லுக்காக. "விரல வச்சிராத பிள்ள, துண்டாக்கிரும்" என்பார்.

கிளாத்தி வலையில் மாட்டினால் முதுகு முள்ளை நட்டுக்கொண்டு நிற்கும். கண்ணியைப் பிய்த்தாலும் வராது. பெரிய முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. அப்பா அதற்குப் பின்னாலிருக்கும் சின்ன முள்ளைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். பெரியது தானாகப் படுத்துவிடும். துப்பாக்கி விசை போன்ற இந்த ஏற்பாட்டினால்தான் ஆங்கிலத்தில் இதற்கு ட்ரிகர் ஃபிஷ் என்று பெயர். அதைத் தெரிந்துகொள்ளும் முன்பே அப்பா கையில் பார்த்துவிட்டேன்.

இப்போது பெரம்பூரில் என் வீட்டு ஆறடித் தொட்டியில் இரண்டு கிளாத்திகள் மற்ற மீன்களோடு இருக்கின்றன. இது மூன்றாவது வருஷம். "ட்ரிகரை மற்ற மீன்களோடு விடலாமா?" என்று உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விடலாம். ஆனால் நான் முதல்முறை விட்டதுபோல் விடக் கூடாது.

2017-இல் என்னிடம் இருந்தது நாலடித் தொட்டி. கடையில் இரண்டு அங்குலக் குஞ்சு ஒன்றைப் பார்த்தேன். கரும்பச்சை உடம்பு, அதில் ஆரஞ்சுக் கோடுகள் சாய்வாக ஓடும். அன்டுலேட்டட் ட்ரிகர். பாலிஸ்டாபஸ் அன்டுலேட்டஸ் என்ற அறிவியல் பெயரைக்கூட எழுதிக்கொண்டு வந்தேன். அதன் குணத்தை மட்டும் படிக்கவில்லை. 1,200 ரூபாய் கொடுத்து வாங்கி, அன்று மாலையே தொட்டியில் விட்டேன்.

முதல் வாரத்திலேயே கிளீனர் இறாலைக் காணோம். மீசை மட்டும் மணலில் கிடந்தது. பிறகு துறவி நண்டுகள், பிறகு நத்தைகள். ஓட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கடித்தது. மணலில் வாயால் நீரைப் பீய்ச்சி அடித்து, அடியில் ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவந்தது. கடலில் இப்படித்தான் கடல்முள்ளெலியைப் புரட்டி, முள் குறைவான அடிப்பக்கத்தைத் தாக்குகின்றன சில ட்ரிகர் இனங்கள். அதைப் பார்க்க ஆச்சரியமாக இருந்ததால் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அது தவறு. ஐந்தாவது மாதம் நாலு அங்குலம் வந்திருந்தது. தொட்டியின் இடதுபக்கக் கற்குவியல் முழுக்க அதனுடையது. டாம்சல் என்ற சின்ன மீன்கள் மூன்றும் துடுப்பு கிழிந்து ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசியாக ஒரு காலையில், நான் இரண்டு வருஷம் வளர்த்த கிளவுன் மீன் ஒரு கண் இல்லாமல் மேல்மட்டத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மாலையில் அது போய்விட்டது.

அந்த ட்ரிகரை, தனித்தொட்டியில் ஒற்றை மீனாக வளர்க்க முன்வந்த ஒருவரிடம் கொடுத்தேன். பிடிக்கக் கைவலை போட்டபோது, அப்பா வலையில் நடந்தது அப்படியே நடந்தது. முள் கண்ணியில் பூட்டிக்கொண்டது. சின்ன முள்ளை அழுத்தித்தான் எடுத்தேன். அதற்குள் விரலில் ஒரு கடி. அன்றிலிருந்து ட்ரிகருக்குக் கைவலை எடுப்பதே இல்லை. அகலமான பிளாஸ்டிக் டப்பாதான்.

அந்த மீனை நான் கெட்டது என்று சொல்லமாட்டேன். அதன் இயல்பு அது. நாலடித் தொட்டியில் வேறு மீன்களோடு அதை அடைத்தது நான்.

பிறகு நாலு வருஷம் ட்ரிகர் பக்கமே போகவில்லை. படித்தேன், மற்றவர்கள் தொட்டிகளைப் போய்ப் பார்த்தேன். அதில் எனக்குப் பிடிபட்ட ஒன்று, வாயைப் பார்ப்பது. அன்டுலேட்டட், கிளவுன் ட்ரிகர், குயின் ட்ரிகர் எல்லாம் தரையில் ஓடுள்ளவற்றை நொறுக்கித் தின்பவை. தாடை அதற்கேற்றபடி கனமாக இருக்கும். நைஜர் ட்ரிகருக்கோ வாய் மேல்நோக்கி இருக்கும். பாறைச் சரிவுக்கு மேலே கூட்டமாக நின்று, நீரோட்டத்தில் வரும் மிதவை உயிர்களைப் பொறுக்கித் தின்னும் மீன் அது. நீலத்தொண்டை ட்ரிகரும் அப்படியே. இரண்டும் பக்கத்து மீனைக் கடித்து வாழவேண்டிய அவசியமில்லாதவை. பிகாசோ ட்ரிகர் நடுவில் வரும், சில சாது, சில இல்லை. கிளவுன் ட்ரிகரின் அழகில் மயங்காத ஆள் கிடையாது. ஆனால் அரை மீட்டர் வரை வளரக்கூடிய மீன். குஞ்சில் காட்டும் அமைதியை நம்பி மற்ற மீன்களோடு விடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

2022 கடைசியில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி செய்தேன். கல், மணல் போக 600 லிட்டர் சொச்சம் தண்ணீர். கற்கள் எல்லாம் சுட்ட பீங்கானில் செய்தவை. கடல் பவளம் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தில் புலியோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் அந்தப் பார்களை (கடலடிப் பவளத் திட்டுகளை) நம்பிப் பிழைத்த வீட்டில் பிறந்த நான் அதை விலைக்கு வாங்கமாட்டேன். சென்னை வெயிலுக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. 26 டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025. ட்ரிகர் சிந்திச் சிதறித் தின்னும், கழிவும் அதிகம். அதனால் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை மட்டும் தொட்டி அளவுக்கு மேலேயே வாங்கினேன்.

முதலில் கிளவுன் மீன் ஜோடி. அடுத்து ஓரா வகையில் மஞ்சள் நிற ஃபாக்ஸ்ஃபேஸ் ஒன்று. நம்மூர் ஓரா மாதிரியே அதற்கும் முள்ளில் விஷம் உண்டு, எந்த மீனும் சீண்டாது. பிறகு செயில்ஃபின் டாங் என்ற மீன். எல்லாம் இடம்பிடித்து நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, 2023 பிப்ரவரியில்தான் நாலு அங்குல நைஜரும் அதே அளவில் ஒரு நீலத்தொண்டையும். அதற்கு முன் தனித்தொட்டியில் ஒரு மாதம் வைத்து நோய் பார்த்தேன். பிறகு ஓட்டை போட்ட பெட்டிக்குள் வைத்து, பெரிய தொட்டிக்குள்ளேயே ஒரு வாரம் தொங்கவிட்டேன். ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும் என்று. விட்ட நாளில் கற்களையும் இடம் மாற்றினேன்.

பத்து நாள் நிம்மதி. பிறகு ஒரு புது வம்பு. பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும் நைஜர், விளக்கு அணைகிற நேரத்தில் வெறி பிடித்தாற்போல் ஆகும். கிளவுன்களைத் துரத்தும், டாங்கின் வாலைக் கடிக்கும். காலையில் மறுபடி சாது. தீனியைக் கூட்டினேன், நேரத்தை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. 2017 திரும்பி வந்துவிட்டதாகவே நினைத்தேன். இரவு தூக்கமில்லை.

அந்தச் சமயம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் கேட்ட முதல் கேள்வி: "கிளாத்தியப் போயி காசு குடுத்தா வாங்குன?" இரண்டாவது கேள்விதான் என்னை உலுக்கியது. "அது அடையப் பொந்து எங்க பிள்ள?"

அப்பா வலைக்குப் போவது பாதி வருஷம்தான். மீதி சங்குகுளி. நீருக்கடியில் கிளாத்தியைப் பார்த்த மனுஷன். "பார்ல எங்க நெழலு பட்டா போதும், பொந்துக்குள்ள தலைய விட்டுக்கிடும். வாலு மட்டும் வெளிய நிக்கும். முள்ள நட்டுக்கிடும். எவனாலயும் இழுக்க முடியாது. பொந்து இல்லாத கிளாத்தி எப்படி ஒறங்கும்?"

நான் அடுக்கிய கற்களில் நைஜர் அளவுக்குச் சரியான இடுக்கு ஒன்றே ஒன்று. அதில் டாங் படுத்துக்கொண்டிருந்தது. நீலத்தொண்டை எப்படியோ பம்ப் பின்னால் ஒரு சந்தைப் பிடித்துவிட்டது. நைஜருக்கு இடமில்லை. விளக்கு அணையும்போது அது சண்டைக்குப் போகவில்லை, படுக்க இடம் தேடியிருக்கிறது.

மறுநாள் ஹார்டுவேர் கடையில் மூன்று அங்குல பிவிசி குழாய் வாங்கி வந்தேன், அப்பா அறுத்துக் கொடுத்தார். ஒரு முழம் நீளத்தில் இரண்டு துண்டு. ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவி, கற்களுக்குப் பின்னால் செருகினோம். முதல் இரவு நைஜர் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. இரண்டாம் இரவு உள்ளே போய்விட்டது. வால் மட்டும் வெளியே. அப்பா சொன்ன மாதிரியே. துரத்தல் அந்த வாரத்தோடு நின்றது.

ஒரு தொட்டியில் ட்ரிகர் சண்டை என்றால் எல்லோரும் பசியைச் சொல்வார்கள், இடத்தைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. நானும் மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறேன்: கணவாய்த் துண்டு, ஓட்டோடு இறால், வாரம் இருமுறை மட்டி. கடினமானதைக் கடித்தால்தான், வளர்ந்துகொண்டே இருக்கும் பல் தேயும். ஆனால் படுக்கும் இடத்தை எண்ணிப் பார்த்தீர்களா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இப்போது நான் முதலில் கேட்பது அதைத்தான். எத்தனை மீன், எத்தனை பொந்து?

இறால், நண்டு வேண்டும் என்றால் ட்ரிகரை விட்டுவிடுங்கள். சாது இனம்கூட என்றைக்காவது ஒருநாள் கடித்துப் பார்க்கும். பம்ப் ஒயர்களைக் குழாய்க்குள் விட்டு மூடுங்கள், என் வீட்டில் ஒரு முறை மேல் உறையைக் கடித்துவிட்டது. தொட்டியைக் குறுக்கே பிரிக்க ஒரு பிளாஸ்டிக் வலைத் தட்டியைத் தயாராக வெட்டி வைத்திருக்கிறேன். இதுவரை தேவைப்படவில்லை. நைஜர் முழு வளர்ச்சிக்கு வரும்போது குணம் மாறக்கூடும் என்பதால் அதை எறிந்துவிடவும் இல்லை.

நைஜருக்கு இப்போது எட்டு அங்குலம். இந்த இனத்துக்கே உரிய சிவப்பு பல்லில் நன்றாகத் தெரிகிறது. நடுவில் நாலு அங்குலக் குழாய்க்கு மாற்றினேன். போன வாரம் அதிலும் திரும்ப முடியாமல் பின்வாங்கி வந்ததைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு அங்குலக் குழாய் வாங்கவேண்டும். அப்பாவிடம் போனில் சொன்னேன். "ரெண்டா வாங்கு, நீலத்தொண்டையும் வளருதுல்ல" என்றார்.